வலங்கைமானில் படுத்தேன், பினாங்கில் எழுந்தேன்

இதை எழுதவேண்டும் என்று நினைத்து எழுதாமல் விட்ட வருஷங்கள் பல. பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதினால் யார் படிப்பார்கள் என்ற கூச்சம் ஒன்று. கட்சிக் கூட்டத்துக்குப் போகும், என் வீட்டுக்காரரின் அண்ணன் பிள்ளைகள், சித்தி சாமிக் கதை எழுதுகிறாள் என்று சிரிப்பார்கள். கோயிலுக்கு வருகிறவர்களோ, ஆத்தாள் மகிமையைக் குறைத்துவிட்டாள் என்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் பயந்தது போதும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

என் பெயர் பாக்கியம். வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எங்கள் தெருவில் எல்லாருமே பண்ணை ஆட்களாக இருந்தவர்கள். என் பெரியப்பா சின்ன வயசிலேயே கப்பலேறிப் பினாங்குக்குப் போய், அங்கே உழைத்து, ஊரில் நாலு மா நிலம் வாங்கிப் போட்டார். ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட வரும். எங்கள் தெருவுக்கு வந்த முதல் பட்டா அது. பெயர் அவருடையது, உழுதது என் அப்பா. அப்பாவுக்குப் பிறகு நானும் என் வீட்டுக்காரரும். அந்த நாலு மாவின் தலைமாட்டில்தான் வாய்க்கால் மதகு இருக்கிறது. அது பண்ணையார் கைக்குப் போனால், எங்கள் தெரு ஜனங்கள் குத்தகைக்குச் செய்யும் அத்தனை வயலுக்கும் அவர் திறந்தால்தான் தண்ணீர். கீழ்ப்பக்கத்தில் கூலி கேட்டவர்களின் குடிசைகள் எரிந்து சில போகமே ஆகியிருந்த காலம் அது. ஆட்சி மாறியிருந்தது, சட்டமும் புதுசாக வந்திருந்தது. ஆனால் மதகுப் பலகை பழைய பலகைதான்.

எனக்கு இருபத்தாறு வயசில் ஒரு காய்ச்சல் வந்தது. பிழைக்கமாட்டாள் என்று கும்பகோணம் ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வலங்கைமான் மகமாயிக்குப் பாடைக் காவடி நேர்ந்துகொண்டார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாவின் வாசல் வரைக்கும் போய்த் திரும்பியவர்களைப் பங்குனி மாதத்தில் பச்சை மூங்கில் பாடையில் படுக்க வைத்து, முகத்தில் மஞ்சள் பூசி, நெற்றியில் காசு ஒட்டி, பறைமேளத்தோடு கொள்ளிச்சட்டி முன்னே போக, நாலு பேர் தூக்கிக் கோயிலைச் சுற்றி வருவார்கள். பூசாரி தீர்த்தம் தெளித்ததும் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகவேண்டியது. நானும் அப்படிப் படுத்தேன், அப்படி எழுந்தேன்.

அன்றைக்கு ஸ்டுடியோக்காரர் ஒருவர் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு படத்தைப் பண்ணையின் காரியக்காரர் வாங்கினார். பண்ணையார் நிலபுலனை முழுக்கப் பார்த்துக்கொள்கிறவர் அவர். அந்தப் படத்தை ஒரு கடிதத்தில் வைத்துப் பினாங்குக்கு அனுப்பினார். பெரியப்பா அதற்குள் காலமாகிவிட்டார். நிலம் அவர் மகன் மாணிக்கம் அண்ணன் பேருக்கு வந்திருந்தது. கடிதத்தில் எழுதியிருந்தது இதுதான்: உங்கள் சித்தப்பா மகள் பாக்கியம் இறந்துவிட்டாள், படம் இணைத்திருக்கிறேன், நிலம் தரிசாகக் கிடக்கிறது, எனக்குப் பவர் எழுதிக் கொடுத்தால் நல்லபடியாக விற்றுத் தருகிறேன். அவள் பெயரில் சிலர் கடிதம் போட்டு ஏமாற்றப் பார்ப்பார்கள், ஜாக்கிரதை.

விஷயம் காதுக்கு வந்ததும் நான் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. எப்படி வரும்? செத்தவள் கடிதம் அல்லவா. என் வீட்டுக்காரர், நான் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்றார். நான் சொன்னேன், "செத்தது நானு. நான்தானே போய்க் காட்டணும்?"

பாஸ்போர்ட் எப்படி வந்தது, டிக்கெட் எப்படி வந்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். ஏறிய நாளிலிருந்து வாந்தி. பக்கத்தில் படுத்திருந்த ஒரு பாய் வீட்டு அம்மா எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, கடலைப் பார்க்காதே, வானத்தைப் பார் என்றார். வானமும் ஆடியது.

பினாங்கில் இறங்கியதும் முதலில் மிரட்டியது சைக்கிள் ரிக்ஷா. நம் ஊரில் ஓட்டுகிறவர் முன்னால் இருப்பார். அவர் முதுகை நம்பி உட்கார்ந்திருப்போம். அங்கே நாம் முன்னால், அவர் பின்னால். எதிரே வரும் லாரிக்கும் நமக்கும் நடுவில் காற்றைத் தவிர எதுவும் இல்லை. ஓட்டிய சீனக் கிழவர் பாட்டை முணுமுணுத்தபடி மிதித்தார். நான் மகமாயியைக் கூப்பிட்டபடி உட்கார்ந்திருந்தேன். தெருவெல்லாம் தமிழ்ப் பலகைகள், மல்லிகைச் சரம், சாம்பிராணி. கும்பகோணம் கடைத்தெருவை யாரோ மழையில் நனைத்துக் கடலோரம் வைத்தது போல இருந்தது.

மாணிக்கம் அண்ணன் துறைமுகத்தில் சரக்குக் கணக்கர். கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். யாரென்று சொன்னேன். உள்ளே போய்ப் படத்தை எடுத்துவந்து நீட்டினார்.

"இந்தப் பொண்ணு தவறிடுச்சு. நீங்க யாரும்மா?"

பாடைக் காவடி என்று விளக்கினேன். அவர் சிரித்துவிட்டார். கோபச் சிரிப்பு. "காவடியா? தைப்பூசத்துக்கு முப்பது வருஷமா இந்த ஊர்ல காவடி பார்க்கிறேன். நானே எடுத்திருக்கேன். பால் காவடி, பன்னீர்க் காவடி, அலகுக் காவடி. உசிரோட இருக்கிறவங்களைக் கொள்ளிச்சட்டி வெச்சுத் தூக்குறதுக்குப் பேரு காவடின்னு என்கிட்டயே சொல்றீங்களா?"

இதுதான் வினை. காவடியே தெரியாதவராக இருந்தால் நம்பியிருப்பார். அங்கே பிறந்து வளர்ந்தவர், எங்கள் ஊருக்கு ஒருதரம்கூட வந்ததில்லை, ஆனால் காவடியில் அவருக்குத் தெரியாதது இல்லை.

என்னை விரட்டவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஊரிலிருந்து வந்தவளை வாசலோடு அனுப்பக்கூடாது என்று அண்ணி பாய் விரித்துக் கொடுத்தார். கப்பல் திரும்புகிறவரை இருந்துகொள்ளலாம் என்றார்கள். ஒரே நிபந்தனை. பின்கட்டில் பெரியம்மா படுத்திருக்கிறார், இருதயக் கோளாறு. என் சாவுச் செய்தியை அவருக்குச் சொல்லவில்லை, படத்தையும் காட்டவில்லை. அதனால் நான் அங்கே போகவும் கூடாது, பெயரைச் சொல்லவும் கூடாது. கும்பகோணத்திலிருந்து வந்த விருந்தாளி என்று சொல்லியாயிற்று. பவர் பத்திரம் வக்கீலிடம் தயார். திங்கட்கிழமை கையெழுத்து.

அன்று வியாழக்கிழமை.

விருந்தாளி என்று சொல்லிவிட்டதால் ஊர் சுற்றிக் காட்டவேண்டிய கடமை அண்ணனுக்கு வந்துவிட்டது. பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டே ஒருத்தியை மலைக்கும் அருவிக்கும் அழைத்துப்போன மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை மலை ரயில். செங்குத்தான மலையில் கம்பி கட்டி இழுக்கும் பெட்டி. போகும் வழியில் ஒரு கடையில் டீ ஆற்றியதைப் பார்த்தேன். ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஒரு முழம், இரண்டு முழம் என்று இழுக்கிறார் கடைக்கார பாய். டின்னில் வந்த கட்டிப் பால். அந்த இனிப்பில் டீ எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கிறது. வலங்கைமான் பஸ் நிலையத்து டீயில் பாதி ருசிகூட இல்லை என்று சொன்னேன்.

ரயில் பாதி மலையில் நின்றுவிட்டது. கரண்டு போயிற்று என்றார்கள். கீழே பார்த்தால் மரத்தின் தலைகள், அதற்கும் கீழே கடல். பெட்டி பின்பக்கமாகச் சரிந்து நின்றது. நான் வாய்விட்டு மகமாயியைக் கூப்பிட்டேன். அண்ணன் கூச்சத்தோடு, மெதுவா, மெதுவா என்றார். எதிர்ப் பலகையில் ஒரு சீன அம்மா, மேலே கோயிலுக்கு ஊதுபத்திக் கட்டோடு போகிறவர், அண்ணனிடம் ஏதோ கேட்டார். இந்தப் பெண் யாரைக் கூப்பிடுகிறாள் என்று கேட்கிறாராம். அவங்க ஊரு அம்மன் என்று அண்ணன் சொல்ல, அந்த அம்மா எனக்கு ஒரு ஆரஞ்சுப் பழத்தை நீட்டிவிட்டு மறுபடி ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?"

அண்ணனுக்குச் சொல்ல இஷ்டமில்லை. "தூரத்து சாமின்னா இன்னும் சத்தமாக் கூப்பிடச் சொல்றாங்க."

கூப்பிட்டேன். கால்மணி கழித்து ரயில் நகர்ந்தது. ஆத்தாள்தான் நகர்த்தினாள் என்று எழுதமாட்டேன். கரண்டு வந்தது, நகர்ந்தது. ஆனால் சத்தமாகக் கூப்பிட்டதில் என் பயம் போயிருந்தது, அது உண்மை. மேலே ஏறினால் பஞ்சு மாதிரி மேகம் காலடியில். மார்கழியில் நம் வயலில் இறங்கும் பனிபோல, ஆனால் நடுப்பகலில்.

சனிக்கிழமை அருவி. பெரிய தோட்டம், பாதை நெடுகக் குரங்குகள். பெரியம்மாவுக்கென்று ஊரிலிருந்து பொரியுருண்டை கொண்டுபோயிருந்தேன். அங்கே கொடுக்கத்தான் விடவில்லையே, பையிலேயே வைத்திருந்தேன். ஒரு தாய்க்குரங்கு பையை அப்படியே பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிற்று. செருப்பைக் கழற்றிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். நாலு உருண்டை போயிற்று, பையைப் போட்டுவிட்டது. அண்ணன் முதல்முறையாகச் சிரித்தார். "ஊர்லயும் இப்படித்தான் ஓடுவீங்களா?" என்றார். ஊரில் குரங்கு நெல்லுக்கு வரும், இதைவிட வேகமாக ஓடுவேன் என்றேன்.

அருவியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அவ்வளவு தண்ணீர், யாருக்கும் வேண்டாமல் பாறையில் விழுந்து கடலுக்குப் போகிறது. எங்கள் ஊரில் முறை வைத்துக்கொண்டு மண்வெட்டியும் கையுமாக மடையில் நின்று, தலைமடைக்காரர் போதும் என்று அடைத்தால் நிற்கவேண்டியது, விட்டால் பாயவேண்டியது. இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அண்ணன் கேள்வி கேட்க ஆரம்பித்தார். வாய்க்கால் பெயர் என்ன, நிலத்துக்குக் கிழக்கே யார் நிலம், பெரியப்பா எந்தக் காலில் ஊனம். எல்லாவற்றுக்கும் சொன்னேன். கடைசியில் அவர், இதெல்லாம் அந்த ஊர் ஆட்கள் யாருக்கும் தெரியுமே என்றார்.

அத்தோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. ஈரப் பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இனிமே ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டேன்ணே. உசிரோட இருக்கேன்னு பரீட்சை எழுதிப் பாஸ் பண்றதுக்கு நான் கடல் தாண்டி வரல. கண்ணால பாக்கிறீங்க. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். நான் செத்துட்டேன்னு மட்டும் ஒப்புக்க மாட்டேன்."

வீடு திரும்பினோம். அண்ணி வாங்கி வைத்திருந்த முள்ளுப் பழம் வீடு முழுக்க நாறியது. துரியான் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லக்கூடாதே என்று தின்றேன். மூக்கைப் பிடித்துக்கொண்டால் வெண்ணெய் மாதிரி இருக்கிறது. மூக்கை விட்டால் சாக்கடை ஓரம்.

ஞாயிற்றுக்கிழமை படகேறி அக்கரை போய், அங்கிருந்து வேனில் கெடா மாநிலத்துப் பக்கம். அண்ணனுக்குத் தெரிந்த மலாய்க்காரர் வீட்டில் விசேஷம். கண்ணுக்கெட்டிய வரைக்கும் வயல். தென்னை, வாய்க்கால், கொக்கு. தலையில் முக்காடு போட்ட பெண்கள் வரிசையாக நின்று நடவு நடுகிறார்கள். ஒன்றுதான் வித்தியாசம். கையில் ஆட்டுக் குளம்பு போலப் பிளந்த முனையுள்ள ஒரு குச்சி. அதில் நாற்றைக் கவ்வி, ஆழச் சேற்றில் குத்தி விடுகிறார்கள். இடுப்பு அதிகம் வளையவில்லை. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். ஒரு முடி நாற்றை வாங்கி, கட்டைவிரலால் அழுத்தி எங்கள் ஊர் நடவாக ஒரு வரிசை பின்னால் போனேன். அவர்கள் குச்சியை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் வரப்பில் நின்று மொழிபெயர்த்தார்: இவளுக்கு விரல் இரும்பா, குச்சி வாங்க வக்கில்லையா என்கிறார்களாம். குச்சிக்குச் சேற்றின் சூடு தெரியுமா என்று கேளுங்கள் என்றேன். அதைச் சொன்னதும் இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள்.

சோறு வாழையிலையில். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, மேலே சம்பல் என்ற கருவாட்டு மிளகாய்த் தொக்கு. செவ்வாய், வெள்ளியில் கவிச்சி தொடமாட்டேன், அன்று ஞாயிறு என்பதால் சாப்பிட்டேன். வேனில் திரும்பும்போது அண்ணன் என் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். நகக்கண்ணில் சேறு.

விடிந்தால் திங்கட்கிழமை.

அந்த வீட்டில் தினமும் காலையில் குளித்துவிட்டு முன்வாசலில் சூடம் கொளுத்துவேன். முதல் நாளே அண்ணன் சொல்லியிருந்தார், மனசுக்குள் கும்பிட்டுக்கொள்ளுங்கள், அம்மா தூங்குவார்கள் என்று. அண்ணன் பேச்சுக்குக் கட்டுப்பட்டு மூன்று நாள் உதட்டை மட்டும் அசைத்தேன். அன்றைக்கு முடியவில்லை. பத்து மணிக்குக் கையெழுத்து. மலை ரயிலில் அந்தச் சீன அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. என் ஆத்தாளை நான் ஏன் மெதுவாகக் கூப்பிட வேண்டும்? ஊரில் எப்படிக் கூப்பிடுவேனோ அப்படியே, வயிற்றிலிருந்து, "வலங்கைமான் மகமாயி, தாயே" என்று கூப்பிட்டேன்.

அண்ணன் ஓடிவந்தார். அதற்குள் பின்கட்டிலிருந்து ஒரு குரல்.

"யாரது, வலங்கைமானா? யாருடி அது, இங்க வா."

அண்ணன் குறுக்கே கை நீட்டினார். அந்தக் கையைத் தாண்டிப் போனேன். சொல்லக்கூடாது என்று சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கொழுந்தனார் மகள் பாக்கியம், பெரியம்மா. நான் செத்துவிட்டேன் என்று ஊரிலிருந்து எழுதியிருக்கிறார்கள். படம் அலமாரியில் இருக்கிறது. உங்களுக்கு இருதயம் சரியில்லை என்று காட்டவில்லை. எனக்கும் இருதயம் இருக்கிறது, பெரியம்மா.

பெரியம்மா மகனைப் பார்த்தார். "எடுத்துட்டு வாடா."

படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். அண்ணன் மருந்துச் சீசாவைத் தேடி எடுத்துக்கொண்டார். பெரியம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, கணக்கெழுதுற பயலே. இந்தப் பொண்ணு கையில என்ன இருக்கு பாரு."

அண்ணன் குனிந்து பார்த்தார். "இலை."

"வேப்பிலைடா. பொணத்துக்கு எவன்டா கையில வேப்பிலை குடுப்பான்? இறுக்கிப் புடிச்சிருக்கா பாரு. செத்தவ கை புடிக்குமா? இது ஆத்தா பாடை. உன்னை வயித்துல வெச்சுக்கிட்டுக் கப்பலேறுறதுக்கு முந்தி நானே படுத்து எந்திரிச்சேன்."

நாலு வரியில் முடிந்துவிட்டது. நான் ஒரு கடல் தாண்டி நாலு நாள் சொல்லி நம்பாததை அந்த அம்மா படுக்கையிலிருந்தே முடித்துவிட்டார். மிச்சமிருந்த பொரியுருண்டையை எடுத்துக் கொடுத்தேன். பல் இல்லை. வாயில் ஊறவைத்துக்கொண்டே ஊர்ச் சேதி ஒவ்வொன்றாகக் கேட்டார்.

அண்ணன் முற்றத்தில் போய் உட்கார்ந்திருந்தார். காவடி தெரியும்னு நினைச்சேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள், சந்தோஷம், ஆனாலும் இவ்வளவு தூரத்தில் இருக்கும் எனக்கு நிலம் எதற்கு, கேட்கிறவருக்கே கொடுத்துவிட்டால் என்ன என்று. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வயலை நேற்றுத்தான் முதல்முறையாக வரப்பில் நின்று பார்த்த மனிதர்.

"அண்ணே, அவங்க செத்தவ உழுத நிலத்தைத்தானே வாங்க வந்தாங்க. உசிரோட இருக்கிறவகிட்ட வந்து நேரா கேக்கச் சொல்லுங்க. கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

பத்து மணிக்கு வக்கீலிடம் போனோம். அண்ணன் பவர் பத்திரத்தைக் கையெழுத்துப் போடாமலேயே திரும்ப வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளில் தன் கையால் எழுதினார்: என் தங்கை பாக்கியம் உயிரோடு இருக்கிறாள். அவளே சாகுபடி செய்கிறாள். நிலம் விற்பனைக்கு இல்லை. அதுவரை நீங்க என்று கூப்பிட்டவர், தாளை நீட்டும்போது, "இந்தா பாக்கியம், பிடி" என்றார்.

கப்பலில் திரும்பும்போதும் வாந்திதான். ஆனால் அந்தத் தாள் நனையாமல் பார்த்துக்கொண்டேன்.

ஆனி மாதம். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கித் தகரப் பெட்டியோடு நேரே வயலுக்குத்தான் போனேன். என் வீட்டுக்காரர் குறுவைக்கு நாற்று விட்டு வைத்திருந்தார். ஆனால் பவர் வந்துவிடும் என்ற தைரியத்தில் எங்கள் நாலு மாவில் பண்ணை ஏர் இரண்டு இறங்கியிருந்தது. காரியக்காரர் குடை பிடித்து வரப்பில் நின்றார். என் வீட்டுக்காரரும் தெரு ஆட்களும் எதிரே நின்று பேச்சு வளர்ந்துகொண்டிருந்தது. பெட்டியை வரப்பில் வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கி முதல் ஏருக்கு முன்னால் நின்றேன். மாடு நின்றது.

"நீ எங்கேயோ போயிட்டேன்னு சொன்னாங்களே" என்றார் காரியக்காரர்.

"போயிட்டுத்தான் வரேன். நீங்க சொன்ன இடத்துக்கு இல்ல."

தாளை நானே வாய்விட்டுப் படித்தேன். எட்டாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதுமானதாக இருந்தது. உயிரோடு இருக்கிறாள் என்ற இடத்தை இரண்டு தரம் படித்தேன். இதெல்லாம் செல்லாது, ஆபீஸில் பார்க்கலாம் என்றார் அவர். பார்க்கலாம், ஆனால் அதுவரை ஏர் வரப்பில் நிற்கட்டும் என்றேன். ஏர் ஓட்டிய இரண்டு பேரும் பக்கத்து ஊர் ஆட்கள், அவர்களும் வலங்கைமானுக்கு நேர்ந்துகொள்கிறவர்கள்தான். ஒருவர் மற்றவரைப் பார்த்தார். முதலில் பெரியவர் மாட்டை அவிழ்த்தார். அப்புறம் மற்றவர். காரியக்காரர் குடையோடு நின்றார், நின்றார், பிறகு நடந்தார். ஆபீஸுக்கும் போனார்கள். அது இழுத்தது. ஆனால் அந்தப் போகத்திலிருந்து இந்தப் போகம் வரை அந்த மதகை எங்கள் தெருதான் திறக்கிறது, எங்கள் தெருதான் அடைக்கிறது.

இப்போது எங்கள் பக்கத்தில் இந்தக் கதை பலவிதமாக உலாவுகிறது. ஆத்தாள் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு கடல் மேல் நடந்து போய்ப் பெரியம்மாவின் கனவில் நின்றாள் என்கிறார்கள். விவசாயச் சங்கத்து ஆட்கள்தான் வக்கீல் வைத்து மீட்டார்கள் என்கிறார்கள். நான் அண்ணனுக்கு வசிய மருந்து வைத்தேன் என்று பண்ணை வீட்டில் சொல்கிறார்களாம். ஆத்தாள் கிருபை இல்லாமல் நான் இல்லை. ஆனால் அவள் எனக்குக் கொடுத்தது உயிரும் குரலும். கடலைத் தாண்டியது என் கால்.

படித்தவர்கள் இதைப் பிறருக்குச் சொல்லுங்கள். சொல்வதானால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். கடல் மேல் யாரையும் நடக்க விடாதீர்கள். நான் கப்பலில் வாந்தி எடுத்ததை மறைக்காதீர்கள், குரங்கு தின்ற நாலு உருண்டையையும் விட்டுவிடாதீர்கள். எது மறந்தாலும், பாடையில் என் கையிலிருந்த வேப்பிலையை மட்டும் மறக்காதீர்கள். அதை எடுத்துவிட்டுச் சொன்னால் நான் மறுபடியும் செத்தவளாகிவிடுவேன்.